முன்னிலை: ஜனாப் நாகூர் கனி

நாகூர் கனி பாய் அந்த அழைப்பிதழை என் கையில் கொடுக்கவில்லை. ஜிம் தரையில் கிடந்த எடைக் கம்பியின் மேல் வைத்தார். அது சறுக்கி விழுந்தது. எடுத்து மறுபடியும் வைத்தார். மறுபடியும் விழுந்தது.

"படி" என்றார்.

பம்பாய்ச் செம்பூரில் இருக்கும் ஒரு தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா அழைப்பிதழ் அது. சங்கத்தின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அதற்காக எனக்கும் ஒரு பொன்னாடை போட்டுவிடுவார்கள். மஞ்சள் அட்டை, மேலே குத்துவிளக்குப் படம், கீழே வழக்கமான வரிசை: தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை. ஒரு மனிதரை எந்த வேலையும் செய்யவிடாமல் மேடையில் உட்கார வைப்பதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்த பதவிதான் இந்த முன்னிலை. அந்த இடத்தில் 'ஜனாப் நாகூர் கனி, தாராவி' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.

பாய் கேட்டது அது இல்லை. அதே விழாவில் மாலை நான்கு மணிக்கு டெட்லிஃப்ட் போட்டி. தரையில் கிடக்கும் எடையைக் குனிந்து பிடித்து, முழங்காலும் இடுப்பும் தோளும் நேராகும்வரை தூக்கி நிற்க வேண்டும். அதில் தூக்குவதற்குத்தான் அவர் விண்ணப்பம் கொடுத்தார். நான்தான் பூர்த்தி செய்தேன். வயது அறுபத்தொன்று. உடல் எடை எழுபத்து நான்கு கிலோ. தூக்கப்போவது நூற்று எழுபது கிலோ. வயதைப் பார்த்தவர்கள் அதற்குக் கீழே இருந்த இரண்டு வரிகளைப் பார்க்கவில்லை. அறுபத்தொரு வயது ஆள் எதற்கு விண்ணப்பம் போடுவார், மரியாதை வேண்டித்தான் போட்டிருப்பார் என்று அவர்களாகவே முடிவுகட்டி மேடையில் நாற்காலி போட்டுவிட்டார்கள்.

"இதுல எங்கன இருக்கு, நான் தூக்குதேன்னு?"

"இல்ல பாய்."

"எனக்கும் தெரியுது இல்லன்னு. ஏன் இல்லன்னு கேக்குதேன்."

பாய்க்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். எனக்கு ஏறும். அன்றைக்கு அவர் குரல் காதில் விழாத அளவுக்கு இறங்கியிருந்தது.

என் பெயர் பேச்சிராஜா. தாராவியில் பத்தடிக்குப் பதினெட்டடி அறையில் ஜிம் நடத்துகிறேன். மேலே தையல் கார்கானா, அதாவது பட்டறை. அதனால் கூரை தாழ்வு. தலைக்கு மேல் எடையைத் தூக்கினால் தையல் மிஷினில் இடிக்கும். ஆகவே எங்களுக்கு டெட்லிஃப்ட்தான் பெரிய வித்தை. இடது பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் இருக்கிறது. எடையைத் தொம்மென்று போட்டால் அவர்கள் வீட்டு அலமாரியில் பாத்திரம் உருளும். எனவே என் ஜிம்மில் ஒரே சட்டம்: தூக்கியதைச் சத்தமில்லாமல் கீழே வைக்க வேண்டும். போட்டவன் அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம். இந்தச் சட்டத்தைத் திட்டாத பையன் கிடையாது. மூன்றரை வருடத்தில் ஒரு தடவைகூட மீறாதவர் பாய் ஒருவர்தான்.

அவர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

பாய்க்கு ஊர் கடையநல்லூர்ப் பக்கம். தாராவியில் தோல் பர்ஸ் தைக்கும் கார்கானா வைத்திருக்கிறார். கீழே வேலை, மேலே வீடு. இரண்டுக்கும் நடுவில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. மூன்றரை வருடத்துக்கு முன்னால், ஜூலை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. வேலைக்காரர்கள் எல்லாம் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிவிட்டார்கள். பாயும் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஷமீமா மதினி ஈரக்காலோடு ஏணியில் இறங்கினார். பாதியில் வழுக்கியது. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

பாய் யாரையும் கூப்பிடவில்லை. தன் மனைவியைத் தான் தூக்க முடியாதா என்ற எண்ணம். மதினி அப்போது எழுபது கிலோ. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார், வரவில்லை. காலுக்கு அடியில் கை கொடுத்தார், வரவில்லை. மூன்றாவது தடவை அவருடைய முதுகே பிடித்துக்கொண்டு மண்டியிட்டு விழுந்தார். வெளியே மழைச் சத்தம். தெருவில் அரை முழம் தண்ணீர். இருபது நிமிடம் இரண்டு பேரும் அப்படியே கிடந்திருக்கிறார்கள். கடைசியில் மதினிதான் குரல் கொடுத்தார். நாங்கள் நான்கு பேர் ஓடினோம்.

"பாய், நீங்க ஓரமா உக்காருங்க" என்று சொன்னவன் நான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தவனும் நான். பிறகு நாங்கள் மதினியைப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தேன். திரும்பி வந்தபோது பாய் அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். கணுக்கால்வரை தண்ணீர். எழுந்திருக்கும்படி யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அவர் தூக்காமல் விட்டதே நல்லது, தூக்கியிருந்தால் எலும்பு இன்னும் நகர்ந்திருக்கும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அது பாய் காதில் ஏறவில்லை. மதினிக்கு ஆபரேஷன் நடந்து, கையில் கம்போடு வீட்டுக்கு வந்த மறுநாள், ஜிம் வாசலில் வந்து நின்றார்.

"நாற்காலி போட்டது நீதான?"

"பாய், அன்னைக்கு..."

"நீதானான்னு கேக்குதேன்."

"நான்தான்."

"அப்ப நீயே சொல்லிக் குடு" என்று செருப்பைக் கழற்றினார்.

முதல் நாள் நாற்பது கிலோ. அதற்கே கால் நடுங்கியது. பையன்கள் சிரித்தார்கள். நான் அவர்களை அதட்டினேன், ஆனால் உள்ளுக்குள் எனக்கும் ஒரு மாதத்தில் நின்றுவிடுவார் என்ற நினைப்புதான். வாரத்துக்கு மூன்று நாள், மதியம் லுஹர் தொழுகை முடித்து, சாப்பிடாமல் வருவார். யாரோடும் பேசமாட்டார். தூக்குவதற்கு முன்னால் கம்பியை ஒரு முறை முறைப்பார். நான் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். சிலர் உடம்பைக் காட்டத் தூக்குகிறார்கள், சிலர் மனசு சரியில்லாமல் தூக்குகிறார்கள். கோபத்திலேயே மூன்றரை வருடம் தூக்கியவரை அவரைத் தவிர நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் கோபம் நாலு நாளில் ஆறிவிடும். அவருக்கு ஆறவே இல்லை.

எண்பது, நூறு, நூற்று இருபது என்று ஏறினார். நூற்று ஐம்பதில் முதுகு பிடித்துக்கொண்டு ஏழு வாரம் படுத்தார். மகன் பைசான் நவி மும்பை சான்பாடாவிலிருந்து வந்து என்னைப் பிடித்துக்கொண்டான். "அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க ஜிம் இருக்காது அங்கிள்" என்றான். அவன் சொன்னதில் தப்பு இல்லை. நானே மதினியிடம் போய், வேண்டாம் என்று நீங்களாவது சொல்லுங்கள் என்றேன்.

மதினி கட்டிலில் படுத்திருந்த பாயைப் பார்த்தே பேசினார். "என்னையத் தூக்கத்தான் இம்புட்டும்னா, நான் இன்னொரு தடவ விழணுமா? அதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கீயளா?"

எட்டாவது வாரம் பாய் மறுபடியும் அறுபதிலிருந்து ஆரம்பித்தார்.

ஏன் நூற்று எழுபது என்று ஒரு நாள் கேட்டேன். "அவ எழுபது. மேல ஒரு நூறு கிடக்கட்டும். எவனும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார். விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நூற்று அறுபத்தைந்தைத் தூக்கி, சத்தமே இல்லாமல் வைத்தார். அதற்கு மறுநாள்தான் அந்த மஞ்சள் அட்டை வந்தது.

செயலாளர் செல்லப்பாண்டியைப் பார்க்க இரண்டு பேரும் செம்பூருக்குப் போனோம். அவருடைய ஆபீஸில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பாயைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்குப் பிடிக்கவில்லை.

"பாய், நீங்க நம்ம ஜனங்களுக்கே ஒரு இன்ஸ்பிரேஷன். மேடைல உக்காருங்க. பொன்னாடை போடறோம், போட்டோ எடுக்கறோம். சின்னப் பசங்க உங்களப் பாத்துக் கத்துக்கட்டும்."

"நான் உக்கார வரல. தூக்க வந்தேன்."

"அரே, வயசப் பாருங்க பாய். தூக்கறப்ப ஏதாவது ஆச்சுன்னா லஃப்டா யாருக்கு? சங்கத்துக்குத்தான."

"எழுதிக் குடுக்கேன். செத்தா நான் பொறுப்புன்னு."

"சேச்சே. நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது" என்று செல்லப்பாண்டி என்னைப் பார்த்தார். "பேச்சி, நீ தலைமை நடுவர். நீ சொல்லு."

நான் சொன்னேன். ஜிம்மில் நூற்று அறுபத்தைந்து தூக்குகிறார், பேரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றேன். குரல் ஏறித்தான் பேசினேன். வெளியே இருந்த பெண் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். செல்லப்பாண்டி இரண்டு கையையும் தூக்கி, "சரி, சரி. பாத்துக்கலாம். சேத்துடறேன்" என்றார்.

பார்த்துக்கலாம் என்று ஒரு சங்கச் செயலாளர் சொன்னால் என்ன அர்த்தம் என்று பம்பாயில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா. தெரிந்தும் நம்பினேன். இரண்டு வாரத்தில் ஒரு போன் போட்டு, பட்டியலில் பேர் ஏறிவிட்டதா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இதற்கு நான் யாரைக் குறை சொல்ல?

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் ஏழு நாற்காலி. நான்காவதில் பாய். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. வெள்ளைச் சட்டைக்கு அடியில் அவர் தூக்கும்போது போடும் கறுப்பு பனியன் தெரிந்தது. பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் ஷமீமா மதினி, கம்பு மடியில். வரமாட்டேன் என்றுதான் முதல்நாள்வரை சொன்னாராம்.

நான் நடுவர் மேஜைக்குப் போய்ப் பட்டியலைப் பார்த்தேன். ஆறு பெயர். எல்லாம் இருபதிலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள். பாய் பெயர் இல்லை.

"என்ன இது?" என்று செல்லப்பாண்டியிடம் கேட்டேன்.

"கமிட்டி ஒத்துக்கல பேச்சி. பரிசு குடுத்து முடிஞ்சதும் பாய்க்கு ஒரு சான்ஸ் வைக்கலாம். வெறும் கம்பி மட்டும். தூக்கட்டும், எல்லாரும் கை தட்டுவோம். அழகா இருக்கும்."

வெறும் கம்பி. இருபது கிலோ. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பட்டியலைக் கிழித்து அவர் சட்டைப் பையில் திணித்திருக்க வேண்டும். ஆனால் மைக்கில் என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். எனக்கும் ஒரு பேட்ஜ் குத்தினார்கள். நான் போய் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மேடையில் பாய்க்குப் பொன்னாடை போட்டார்கள். வாழ்த்துரை சொன்னவர் முதுமையிலும் இளமை என்று இருபது நிமிடம் பேசினார். பாய் இரண்டு தடவை மேடையிலிருந்து இறங்கிப் பின்பக்கம் போய் வந்தார். "சுகர் இருக்கும் போல" என்று செல்லப்பாண்டி சிரித்தார். பின்பக்கம் போட்டியாளர்கள் உடம்பைச் சூடேற்ற ஒரு கம்பி கிடந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

ஆறு பேரும் தூக்கி முடித்தார்கள். முதல் ஆள் இருநூற்று இருபது. ஐந்தாவது, ஆறாவது ஆட்கள் நூற்று அறுபத்தைந்து, நூற்று அறுபது. நன்றியுரை சொல்பவர் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பாய் மேடைப் படியில் இறங்கினார். பொன்னாடையை மடித்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் வைத்துவிட்டு வந்திருந்தார். சட்டையையும் தொப்பியையும் கழற்றி மதினி மடியில் வைத்தார். கம்பிக்குப் பக்கத்தில் நின்ற பையன்களிடம், "நூத்தி எழுவது போடு" என்றார்.

அவர்களில் இரண்டு பேர் என் ஜிம் பையன்கள். மூன்றரை வருடத்துக்கு முன்னால் சிரித்தவர்கள். என்னைப் பார்க்கவே இல்லை. போட்டார்கள்.

இங்கே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். டெட்லிஃப்டில் தூக்குவதோடு வேலை முடிவதில்லை. தூக்குகிறவர் நிமிர்ந்து அசையாமல் நிற்கும்வரை தலைமை நடுவர் கையை உயர்த்தி வைத்திருப்பார். நின்றுவிட்டார் என்று தெரிந்ததும் கையை இறக்கி "டவுன்" என்பார். அதற்குப் பிறகுதான் எடையைக் கீழே வைக்கலாம். அதற்கு முன்னால் வைத்தால் தூக்கியதே கணக்கில் இல்லை. சாதாரணமாக இது ஒரு வினாடி, ஒன்றரை வினாடி வேலை.

பாய் குனிந்தார். நான் கையை உயர்த்தினேன். அது பழக்கத்தில் உயர்ந்தது.

கம்பி தரையைவிட்டு வருவதற்கே நேரமாயிற்று. முழங்காலுக்குக் கீழே ஒரு கணம் நின்றது. அங்கேதான் அவருக்கு எப்போதும் தடுக்கும். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு ஏறியது. முழங்கால் நேரானது, இடுப்பு நேரானது, தோள் பின்னுக்குப் போனது. நூற்று எழுபது. அதுவரை அவர் தூக்காத எடை. அசையாமல் நின்றார்.

செல்லப்பாண்டி என் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். "கைய இறக்காத. இறக்குனா கணக்காயிடும், லிஸ்ட்லயே இல்லாத ஆளு. ரெண்டு செகண்ட்ல அவரே போட்டுருவார்."

என் கை மேலேயே இருந்தது.

இரண்டு வினாடி போயிற்று. அவர் போடவில்லை. நான்கு வினாடி. ஆறு. போடுகிற பழக்கமே அவருக்குக் கிடையாது, அந்தப் பழக்கத்தை வரவிடாமல் செய்தவனே நான்தான். மண்டபத்தில் சத்தம் நின்றுவிட்டது. பாய் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு, எட்டு. வலது கைச் சுண்டுவிரல் கம்பியிலிருந்து விடுபட ஆரம்பித்தது. முகம் கறுத்துவிட்டது. செல்லப்பாண்டி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

முன்வரிசையில் ஷமீமா மதினி எழுந்து நின்றார். கம்பை ஊன்றவில்லை. கம்பு தரையில் கிடந்தது. பக்கத்தில் இருந்தவள் உட்காரச் சொல்லி முந்தானையை இழுத்தாள். அவர் உட்காரவில்லை. அந்த இடுப்போடு அவரால் எவ்வளவு நேரம் அப்படி நிற்க முடியும் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேரும் என்னைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்கள்.

நான் கையை இறக்கினேன். "டவுன்" என்றேன். வேண்டியதைவிடச் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

பாய் வைத்தார். சத்தம் இல்லை.

பிறகு ஜனங்கள் கத்தியதும் கை தட்டியதும் எல்லாம் நடந்தது. அதை எழுத எனக்கு ஆசை இல்லை. ஆறு வினாடிக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டிருந்த அதே ஜனங்கள்தான். நான் பேனாவை எடுத்து, அச்சடித்த ஆறு பெயருக்கு அடியில் ஏழாவதாக நாகூர் கனி, வயது 61, எடை 170 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐந்தாவது இடம். செல்லப்பாண்டி தாளைப் பிடுங்கப் பார்த்தார். அவர் மணிக்கட்டைப் பிடித்து மேஜையில் அழுத்தி வைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். அதற்காக என்னை நடுவர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்துவிட்டுப் போகட்டும்.

யாரோ மேடையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். "உக்காருங்க பாய், உக்காருங்க." பாய் அதைத் தாண்டிப் போய், மற்ற ஆறு பேரும் கால் நீட்டி உட்கார்ந்திருந்த சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். வலது உள்ளங்கையில் தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தது. மதினி கம்பை ஊன்றி மெல்ல வந்து, அவர் தொப்பியை அவர் தலையில் வைத்துவிட்டு, "போதுமா?" என்றார். பாய் தலையாட்டினார். போதும் என்றா, போதாது என்றா, எனக்குத் தெரியவில்லை.

நான் அந்தத் தாளோடு அவர் முன்னால் போய் நின்றேன். ஐந்தாவது இடத்தைக் காட்டினேன். என் பாவத்துக்கு அது போதும் என்று ஒரு நினைப்பு. பாய் தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது. குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"பதினோரு செகண்டு, ராஜா. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். கைய எறக்க ஏம்லே இவ்வளவு நேரம்?"

மூன்று மாதம் ஆகிவிட்டது. திங்கள், புதன், சனி, லுஹர் முடித்து வருகிறார். கம்பியை முறைக்கிறார், தூக்குகிறார், சத்தமில்லாமல் வைக்கிறார். அந்தக் கேள்வியை அவர் மறுபடியும் கேட்கவில்லை. நானும் இன்னும் பதில் சொல்லவில்லை.